சோர்விலிருந்து மீள்வது எப்படி நடக்கிறது? சுயபராமரிப்பு பற்றி ஒரு விளக்கம்

சுயபராமரிப்பு என்ற பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. வாசனை மெழுகுவத்தி விற்பவர் சொல்கிறார், மனநல மருத்துவர் சொல்கிறார், ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பும் நிறுவனமும் சொல்கிறது. எல்லோரும் ஒரே பொருளில் சொல்லாததால் கேட்பவருக்குக் குழப்பம் வருகிறது. சிலர் இதைப் பணமும் நேரமும் மிஞ்சியவர்களின் சொகுசு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் சொன்னதையெல்லாம் செய்துபார்த்தும் சோர்வு தீராமல், குறை தங்களிடம்தான் என்று நொந்துபோகிறார்கள். இவர்களை நினைத்தால்தான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஏற்கெனவே களைத்துப்போனவர்கள் தலையில் இன்னொரு சுமையும் ஏறிவிடுகிறது.

இந்தக் கட்டுரை சொல்லவருவது ஒன்றுதான். காயம் ஆறுவதும் மனம் தெளிவதும் பெரும்பாலும் உடல் தானாகவே செய்துகொள்ளும் வேலைகள். அந்த வேலைக்கு நேரமும் சூழலும் அமைத்துக்கொடுப்பதே சுயபராமரிப்பு. இப்படிப் பார்த்தால் எது உதவும், எது வெறும் விற்பனைச் சரக்கு, எது தனி ஒருவரால் ஆகாத காரியம் என்று பிரித்தறிவது சுலபமாகிவிடும்.

## முதலில் நான்கு சொற்கள்

1. சுயபராமரிப்பு. உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு வழிகாட்டு நெறிமுறையை 2019-இல் வெளியிட்டது. மருத்துவப் பணியாளரின் உதவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனிநபரும் குடும்பமும் சமூகமும் நலத்தைப் பேணவும், நோயைத் தடுக்கவும், வந்த நோயையும் இயலாமையையும் சமாளிக்கவும் கொண்டிருக்கும் திறன் என்று அது வரையறுக்கிறது. குடும்பம், சமூகம் இரண்டும் அந்த வரையறைக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். விளம்பரங்களில் அவை காணாமல் போய்விடுகின்றன.

2. மன அழுத்தம். ஒரு நெருக்கடியைச் சந்திக்க உடலும் மனமும் ஆயத்தமாகும் நிலை. இது எப்போதும் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. தேர்வுக்கு முன் வரும் படபடப்பு கவனத்தைக் கூராக்கும். அது அடங்காமல் நாள்கணக்கில் நீண்டால்தான் சிக்கல்.

3. பர்ன்அவுட். உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பர்கர் 1974-இல் இதைப் பற்றி எழுதினார். சமாளிக்கப்படாமல் நீண்ட பணியிட அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு இதை விவரிக்கிறது. ஆற்றல் வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகிக் கசப்பது, வேலையைச் சரியாகச் செய்கிறோம் என்ற நம்பிக்கை தேய்வது ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். அந்த வகைப்பாடு இதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையோடு தொடர்புடைய நிகழ்வாகவே வைத்திருக்கிறது. வேலைக்கு வெளியே வரும் சோர்வுக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது.

4. மீள்திறன். அடிபட்ட பிறகும், ஏன், அடிபட்டுக்கொண்டிருக்கும்போதே கூட, வாழ்க்கையைத் தொடர்ந்து நடத்த முடிவது. மீள்திறன் உள்ளவருக்கும் வலிக்கும், அழுகை வரும், தூக்கம் கெடும்.

## உடலுக்குள் என்ன நடக்கிறது

அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன், ஆபத்தைக் கண்ட விலங்கின் உடல் 'எதிர்த்து நில் அல்லது ஓடு' என்ற நிலைக்கு மாறுவதை 1915-இல் விவரித்தார். மனிதருக்கும் அதே ஏற்பாடுதான். மூளை ஆபத்தை உணர்ந்ததும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமெடுக்கிறது, மூச்சு மேலே ஏறுகிறது, செரிமான உறுப்புகளுக்குப் போகும் ரத்தம் குறைந்து தசைகளுக்குப் போவது கூடுகிறது. எல்லாம் நொடிக்கணக்கில் முடிந்துவிடும். சில நிமிடங்களில் இரண்டாவது அலை வரும். மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதாலமஸ் அதன் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, பிட்யூட்டரி அட்ரினலைத் தூண்ட, கார்டிசால் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, அவசரத்துக்குத் தேவையில்லாத வேலைகளை ஒத்திப்போடுகிறது.

ஆபத்து விலகியதும் அந்தக் கார்டிசாலே மூளைக்குச் சேதி சொல்லி, மேற்கொண்டு சுரக்காமல் நிறுத்திக்கொள்ளும். எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் பொறுப்பேற்று இதயத்தை நிதானப்படுத்தும், செரிமானத்தை மறுபடி தொடங்கிவைக்கும். இதுவரைக்கும் சரி. துரத்தும் விலங்குக்கு இந்த ஏற்பாடு அருமையாகப் பொருந்தும். கடன், வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவர், வேலை போய்விடுமோ என்ற பயம் போன்றவற்றுக்கு அப்படிப் பொருந்தாது. அவை துரத்தி முடிப்பதேயில்லை. போதாக்குறைக்கு, நடந்ததை நினைத்தாலும் நடக்கப்போவதைக் கற்பனை செய்தாலும் இதே எச்சரிக்கை மணி அடிக்கும்.

ஹான்ஸ் செல்யே 1936-இல் எலிகளை வைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில், நீண்டகால அழுத்தத்தில் உடல் மூன்று கட்டங்களைக் கடப்பதாகச் சொன்னார்: எச்சரிக்கை, எதிர்ப்பு, களைப்பு. பின்னால் வந்த புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993-இல் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். தொடர்ந்து சமாளித்துக்கொண்டே இருப்பதற்கு உடல் ஒரு விலை கொடுக்கிறது, அந்த விலை ரத்தக்குழாய், எதிர்ப்புச் சக்தி, மூளை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது என்றார்கள். அதைத் தேய்மானச் சுமை என்று தமிழில் சொல்லலாம்.

இது வெறும் கோட்பாடில்லை என்பதற்கு இரண்டு ஆய்வுகள் போதும். ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995-இல், மறதி நோய் வந்த உறவினரைப் பராமரிக்கும் 13 பெண்களையும், வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்த, அப்படிப்பட்ட பொறுப்பில்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டது. எல்லோருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னஞ்சிறிய காயம் உண்டாக்கி, ஆறும்வரை கவனித்தார்கள். பராமரிப்புச் சுமையில்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது, பராமரிப்பவர்களுக்கு 48.7 நாள் ஆனது. 1998-இல் பல் மருத்துவ மாணவர்கள் 11 பேரிடம் இன்னொரு சோதனை நடந்தது. ஒரே மாணவருக்கு விடுமுறைக் காலத்தில் ஒரு முறையும் தேர்வுக்கு முன் ஒரு முறையும் வாயின் மேலண்ணத்தில் சிறு காயம் செய்து பார்த்தார்கள். தேர்வு நேரத்தில் ஆற 40 சதவீதம் கூடுதல் நாள் பிடித்தது. சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் அழுத்தத்தில் இருக்கும் உடல் பழுதுபார்க்கும் வேலையைத் தள்ளிப்போடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்றுகள் அரிது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் வருகின்றன.

1. அழுத்தம் வந்ததா என்ற கேள்வியைவிட, வந்தது அடங்க அவகாசம் கிடைத்ததா என்ற கேள்விதான் பெரிது.
2. எந்தப் பயிற்சியையும், எந்தப் பொருளையும் எடைபோட ஓர் அளவுகோல் நம் கையில் இருக்கிறது: இது எச்சரிக்கை மணியை அணைக்கிறதா? பழுதுபார்க்கும் வேலைக்கு நேரம் வாங்கித் தருகிறதா?

## மீள்திறன் யாருக்கு வாய்க்கிறது

'அவர் ரொம்ப உறுதியானவர், எதையும் தாங்குவார்' என்கிறோம். பிறவியிலேயே வந்த குணம் போல அது ஒலிக்கிறது. ஆய்வுகள் காட்டும் படம் வேறு.

ஹவாய் தீவுக்கூட்டத்தின் கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் ரூத் ஸ்மித்தும் நாற்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குக் கடும் ஆபத்துச் சூழல்: வறுமை, பிறக்கும்போதே சிக்கல், சண்டை ஓயாத வீடு, பெற்றோருக்குக் குடிப்பழக்கம் அல்லது மனநோய். அந்த ஆபத்துச் சூழலில் வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் திறமையும் நம்பிக்கையும் அன்பும் உள்ள பெரியவராக வளர்ந்தார். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது என்ன? இளம் வயதிலேயே குறைந்தபட்சம் ஒரு பெரியவரின் உறுதியான பாசம். அது பெற்றோராகவே இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியோ, அண்ணன் அக்காவோ, ஆசிரியரோ, பக்கத்து வீட்டுக்காரரோ போதுமாக இருந்தது.

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பதின்ம வயதில் தடம்புரண்ட பிள்ளைகளில் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் மீண்டுவிட்டார்கள். திரும்பப் படிக்கக் கிடைத்த வாய்ப்பு, நல்ல துணை, ஏதோ ஒரு சமூகக் குழுவில் கிடைத்த இடம் என்று இரண்டாவது வாய்ப்பு கிடைத்தவர்கள் அவர்கள். மீள்திறனுக்குக் காலம் கடந்துவிட்டது என்று யாரையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஜார்ஜ் பொனானோ 2004-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், உறவினரை இழந்தவர்களிடமும் பேரதிர்ச்சிக்கு உள்ளானவர்களிடமும் மீள்திறன் அபூர்வமான ஒன்றாக இல்லை, அது சாதாரணமாகவே காணப்படுகிறது என்று எடுத்துக்காட்டினார். ஆன் மாஸ்டென் என்ற உளவியலாளரும் 2001-இல் இதே கருத்தைச் சொன்னார். மீள்திறனுக்குத் தனிப்பட்ட வீரம் தேவையில்லை. உறவுகள், சிந்திக்கும் திறன், தன்னைக் கட்டுப்படுத்தும் பழக்கம், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை போன்ற சாதாரண ஏற்பாடுகள் கெடாமல் இருந்தால் போதும். கடும் கஷ்டங்கள் மனிதரை உடைப்பது இந்த ஏற்பாடுகளையே அவை குலைத்துவிடும்போதுதான்.

## எது உண்மையிலேயே மீட்டுக்கொடுக்கிறது

வரிசை முக்கியம். தூக்கமில்லாதவருக்குத் தியானம் சொல்லிக்கொடுப்பதும், பேச ஆளில்லாதவருக்கு நாட்குறிப்பு வாங்கிக்கொடுப்பதும் தலைகீழ் வைத்தியம்.

1. தூக்கம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரமாவது தேவை என்று தூக்க மருத்துவ வல்லுநர் அமைப்புகள் 2015-இல் ஒருமித்துப் பரிந்துரைத்தன. இரவின் முதல் பாதியில் ஆழ்தூக்கம் கூடுதல். வளர்ச்சி ஹார்மோன் அப்போதுதான் நிறையச் சுரக்கிறது, திசுக்கள் பழுதுபார்க்கப்படுகின்றன. பின்பாதியில் கனவுத் தூக்கம் கூடுகிறது. நேரங்கழித்துப் படுத்து அலாரம் வைத்துச் சீக்கிரம் எழுபவருக்கு அடிபடுவது பெரும்பாலும் இந்தப் பின்பாதி.

தூக்கம் போனால் மனமும் போகிறது என்பது பேச்சுக்குச் சொல்வதில்லை. 2007-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஏறத்தாழ 35 மணி நேரம் விழித்திருந்தவர்களுக்கு மனதைப் பாதிக்கும் படங்களைக் காட்டினார்கள். பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் மூளைப்பகுதியான அமிக்டலா, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் கூடுதலாகக் கொதித்தது. அதை அடக்கிவைக்கும் மூளையின் முன்பகுதியுடனான தொடர்பும் பலவீனமாகியிருந்தது. ஆகவே இரவு ஒரு மணிக்குத் தோன்றும் 'வாழ்க்கையே வீண்' என்ற எண்ணத்தை வைத்து அந்த நேரத்திலேயே எந்த முடிவுக்கும் வராமல் இருப்பது நல்லது.

நடைமுறையில் செய்யக்கூடியவை சில:

- எழும் நேரத்தை மாற்றாமல் வைப்பது. படுக்கும் நேரத்தைவிட இதுதான் உடலின் கடிகாரத்தை நிலைநிறுத்தும். காலை வெளிச்சம் பட்டால் இன்னும் நல்லது.
- காஃபினைப் பிற்பகலிலேயே நிறுத்துவது. உள்ளே போனதில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். தூக்கச் சேதி சொல்லும் அடினோசினை அது அதுவரை தடுத்துக்கொண்டிருக்கும்.
- மதுவைத் தூக்க மருந்தாக நினைக்காதிருப்பது. சீக்கிரம் கண்ணயர வைக்கும், ஆனால் பின்னிரவுத் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.
- 20 நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புவது. படுக்கை கவலைப்படும் இடமாகப் பழகிவிடக் கூடாது என்பதற்காக.

மாதக்கணக்கில் தூக்கமின்மை நீடித்தால், அதற்கென்றே உள்ள, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை முதலில் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. மாத்திரை அதற்கு அடுத்ததுதான்.

2. அசைவு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. வேகமாக நடப்பது இதில் சேரும். எட்ட முடியாவிட்டால் பரவாயில்லை. கொஞ்சம் செய்வதும் ஒன்றும் செய்யாததைவிட மேல் என்று அதே பரிந்துரை வெளிப்படையாகச் சொல்கிறது. ஜேம்ஸ் புளூமென்தால் குழு 1999-இல், 50 வயதும் அதற்கு மேலும் ஆன, மனச்சோர்வு நோயுள்ள 156 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. 16 வார முடிவில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் முன்னேற்றம் ஏறக்குறைய சமமாக இருந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்குப் பலன் சற்று விரைவில் தெரிந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

3. மனிதர்கள். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 2010-இல் 148 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. அவற்றில் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்றிருந்தார்கள். உறவுத் தொடர்பு வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக்காலத்தில் உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் அதிகமாக இருந்தது. ஏன் அப்படி என்பதற்கு ஜேம்ஸ் கோன் 2006-இல் செய்த சோதனை ஒரு குறிப்புத் தருகிறது. திருமணமான 16 பெண்களை மூளையைப் படமெடுக்கும் கருவியில் படுக்கவைத்து, லேசான மின்னதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையின் ஆபத்து எதிர்வினை குறைந்தது. முன்பின் தெரியாதவரின் கையைப் பிடித்தபோதும் குறைந்தது, ஆனால் அந்த அளவுக்கில்லை. இல்லற உறவு நன்றாக இருந்தவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

பக்கத்தில் நம்பகமான ஒருவர் இருந்தால் எச்சரிக்கை மணி தானே மெதுவாக அடிக்கிறது. சோர்ந்தவர் முதலில் செய்வது ஆட்களிடமிருந்து ஒதுங்குவது என்பதால், இது அவராக முயன்று பெறுவதற்குக் கடினமான மருந்து. சுற்றியிருப்பவர்கள் தேடிப்போக வேண்டும்.

4. மூச்சு. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பின் செல்வாக்கு கூடி இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற அளவுக்கு நிதானப்படுத்தி, வெளிவிடும் நேரத்தைச் சற்று நீட்டினால் இந்த விளைவைக் கூட்டலாம். செலவில்லாதது, ஐந்து நிமிடம் போதும். ஆனால் இது அந்த நேரத்துப் பதற்றத்துக்கான உதவி. பதற்றத்தின் காரணத்தை இது தொடாது.

5. எழுதுவது. ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல், மனதை அழுத்தும் அனுபவத்தை நான்கு நாள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுதச்சொல்லிப் பார்த்தார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு அந்த நேரத்தில் மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்கு அவர்கள் போவது குறைந்தது. பின்னால் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பலன் சிறியது என்றே தெரிகிறது. எழுத எழுத அதே இடத்தில் சுற்றி உழல்கிறோம் என்று தோன்றினால் நிறுத்திவிடலாம்.

தியானமும் இந்த வரிசையில்தான் வரும். ஜான் கபட்-சின் 1979-இல் தொடங்கிய எட்டு வார மனமுழுமைப் பயிற்சி பலருக்குப் பயன்பட்டிருக்கிறது. ஆனால் பழைய அதிர்ச்சிகளைச் சுமப்பவர்களில் சிலருக்குக் கண்ணை மூடி உட்காருவதே பதற்றத்தைக் கிளப்பும். அப்படி நேர்ந்தால் விட்டுவிடுவதில் தவறே இல்லை.

## ஓய்வெடுத்தும் களைப்புத் தீராதது ஏன்

வேலை முடிந்த பிறகான மீட்சியைப் பல ஆண்டுகளாக ஆராய்பவர் சபினே சொனென்டாக். அவரும் ஷார்லட் ஃபிரிட்ஸும் 2007-இல் மீட்சிக்கு உதவும் நான்கு அனுபவங்களைப் பிரித்துக்காட்டினார்கள்.

1. மனதளவில் வேலையைவிட்டு விலகுதல்
2. தளர்வு
3. வேலைக்குத் தொடர்பில்லாத எதையாவது கற்றுத் தேறுதல்
4. தன் நேரம் தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு

முதலாவது நடக்காவிட்டால் மற்றவை பெரிதாக எடுபடுவதில்லை. உடல் சோபாவில் இருக்கிறது, மனம் நாளைய கூட்டத்தில் இருக்கிறது என்றால், மேலே சொன்ன ஹார்மோன் கணக்கில் அது ஓய்வு நேரமாகவே வராது. கைபேசியைத் தள்ளிக்கொண்டே இருப்பதும் இப்படித்தான் ஏமாற்றுகிறது; நேரம் போகும், ஆனால் நான்கில் ஒன்றும் கைகூடாது. மூன்றாவது அம்சம் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு வாத்தியத்தைக் கற்பதும், செடி வளர்ப்பதும், புது மொழி படிப்பதும் உழைப்புதானே? உழைப்புதான், ஆனால் அந்த உழைப்பு வேறு ஒரு திசையில் போவதால் மீட்டுத் தருகிறது.

இதில் ஒரு முரண்பாட்டையும் சொனென்டாக் சுட்டிக்காட்டியிருக்கிறார். வேலைப்பளு மிக அதிகமாக இருக்கும் நாட்களில்தான் மனிதர்கள் வேலையைவிட்டு மனதை விலக்குவதும், தூங்குவதும், நடப்பதும் குறைந்துபோகின்றன. அதாவது, தேவை கூடும்போது முடிவது குறைகிறது. களைத்த பிறகு மன உறுதியை நம்பிப் பயனில்லை என்பதால், நல்ல நாட்களிலேயே பழக்கமாக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பழக்கம் 21 நாளில் வரும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரிடம் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக ஆன காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏதும் இல்லை. ஒரு நாள் தவறியதும் எல்லாம் போயிற்று என்று கைவிடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

தவறியதற்காகத் தன்னைத் திட்டிக்கொள்வது ஊக்கம் தரும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தன்மீதான கனிவு என்ற கருத்தை மூன்று கூறுகளாக விளக்கினார்: தன்னிடம் அன்பாக நடப்பது, இது எல்லா மனிதருக்கும் நேர்வதுதான் என்று உணர்வது, வலியை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் பார்ப்பது. 2012-இல் வந்த ஒரு ஆய்வில், தேர்வில் தோற்றவர்களைத் தங்களிடம் கனிவாக இருக்கத் தூண்டியபோது அவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள்.

## இழப்பும் அதிர்ச்சியும்: சில தவறான நம்பிக்கைகள்

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, வரிசையாகக் கடந்தால்தான் ஆறும் என்று பலரும் நம்புகிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்து நிலைகளைச் சொன்னது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசியதை வைத்துத்தான். இழந்து நிற்பவர்களுக்கான பாதையாக அது உருவாகவில்லை. மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷட்டும் 1999-இல் முன்வைத்த விளக்கம் அனுபவத்துக்கு நெருக்கமானது. துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கிப் போவதும், அன்றாட வாழ்க்கையைத் திரும்பக் கட்டுவதை நோக்கி வருவதுமாக மாறி மாறி அலைகிறார். காலையில் அழுதவர் மதியம் சிரித்துப் பேசுவதும், சிரித்ததற்காகக் குற்ற உணர்வு கொள்வதும் இந்த அலைச்சலின் பகுதி. அப்படிச் சிரிக்க முடிவது மறதியின் அறிகுறி ஆகாது. சற்று விலகி மூச்சு வாங்கினால்தான் திரும்பவும் துக்கத்தைச் சந்திக்கத் தெம்பு வரும்.

அதிர்ச்சியான சம்பவம் நடந்த உடனே எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்க வேண்டும் என்பது இன்னொரு நம்பிக்கை. விபத்து, பேரிடர்களில் தப்பியவர்களை உட்காரவைத்து ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் விவரிக்கச்சொல்லும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2002-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, அது பின்னால் வரும் மனஉளைச்சல் நோயைத் தடுப்பதாகத் தெரியவில்லை, கட்டாயமாக அதைச் செய்வதை நிறுத்த வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவி வழிகாட்டி மூன்று செயல்களைச் சொல்கிறது: பார், கேள், இணை. பாதுகாப்பாக இருக்கிறாரா, என்ன தேவை என்று பார்ப்பது. அவர் பேச விரும்பினால் கேட்பது, வற்புறுத்தாமல் இருப்பது. குடும்பத்தோடும் உதவிகளோடும் இணைத்துவிடுவது.

## தனி ஒருவரால் ஆகாதவை

சுயபராமரிப்பின் எல்லையை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் மைக்கேல் லெய்டரும் பர்ன்அவுட்டின் வேர்களை ஆறு இடங்களில் காண்கிறார்கள்: வேலைப்பளு, தன் வேலைமீது தனக்கு உள்ள கட்டுப்பாடு, கிடைக்கும் அங்கீகாரம், சக ஊழியர் உறவு, நியாயம், விழுமியங்கள். ஆறும் வேலையிடத்தில் இருப்பவை. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடத்தில் மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்தினால், பயிற்சி நல்லதாகவே இருந்தாலும் எச்சரிக்கை மணி மறுநாள் காலை திரும்ப அடிக்கும். இங்கே உதவுவது ஆள் சேர்ப்பதும், நேரத்தைக் குறைப்பதும், அநியாயத்தைப் பேசித் தீர்ப்பதும்தான். வீட்டில் நோயாளியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்பவருக்கும் அப்படியே. அவருக்குத் தேவை அறிவுரையைவிட, வாரத்தில் சில மணி நேரமாவது பொறுப்பை வாங்கிக்கொள்ளும் இன்னொருவர்.

மருத்துவ உதவி தேவைப்படும் கட்டத்தை அடையாளம் காணவும் சில அளவுகோல்கள் உள்ளன.

1. சோகமோ, எதிலும் ஆர்வமின்மையோ நாளின் பெரும்பகுதியும், கிட்டத்தட்ட எல்லா நாளும், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பது.
2. தூக்கம், பசி, வேலை, உறவுகள் ஆகியவை தொடர்ந்து குலைந்துபோவது.
3. அதிர்ச்சியான சம்பவம் கண்முன் திரும்பத் திரும்ப நிகழ்வது போலத் தோன்றுவதும், அதை நினைவூட்டும் எல்லாவற்றையும் தவிர்ப்பதும் ஒரு மாதம் தாண்டியும் குறையாதது.
4. உறவினரை இழந்து ஆறு மாதம் கடந்த பிறகும் கடும் ஏக்கத்தால் அன்றாட வாழ்க்கை நடத்த முடியாதது. ஐசிடி-11 இதை நீடித்த துக்கக் கோளாறு என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறது. வழக்கமாகத் துக்கம் காக்கும் காலம் அவரவர் பண்பாட்டில் எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது.
5. சமாளிப்பதற்காக மதுவையோ போதையையோ நாடுவது கூடிக்கொண்டே போவது.
6. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். இதற்கு இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றே, அந்த நேரத்திலேயே உதவியை நாட வேண்டும்.

கடைசி நிலையில் இருப்பவர் தானாக வாய் திறப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அருகிலிருப்பவருக்குச் சந்தேகம் வந்தால், அப்படி எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் இல்லாத எண்ணம் உருவாகிவிடாது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கேட்ட பிறகு அவரைத் தனியே விடாமல், மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றை எட்டாத இடத்துக்கு மாற்றிவிட்டு, மருத்துவரிடமோ அவசர உதவி எண்ணிலோ சேர்க்கும்வரை கூடவே இருக்க வேண்டும்.